கிழக்கே விழுந்த புழுதி

அத்தியாயம் 5

தொப்பி மேசைமேல் இருந்தது. தொப்பிக்காரன் செத்துவிட்டான் என்பதற்கு அந்தத் தொப்பியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

“தொப்பி செத்திருக்கு, அது நிச்சயம்,” என்றாள் பிரைடி. “ஓரமெல்லாம் கிழிசல், நடுவுல ஓட்டை. ஆளப் பத்தி அது ஒண்ணும் சொல்லலையே.”

கான்ஸ்டபிள் ஹாப்டே அவளை முறைத்தார். வார்டிங்கா போலீஸ் ஸ்டேஷனில் அவர் ஒருவர்தான் வேலை பார்த்தார். அதனால் முறைக்கிற வேலையும் அவருடையதே.

சார்ஜென்ட் கோர்லி தொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். தங்கத் திருடர்களைப் பிடிக்கிற போலீஸில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்பமாட்டார். கடிகாரத்தையே ரெண்டு முறை பார்ப்பார். பிரைடி ஊரில் சாப்பாட்டு விடுதி நடத்துகிற விதவை. கோர்லிக்கு லாரி ஓட்டத் தெரியாது, பிரைடிக்கு வாயை மூடத் தெரியாது. இந்த இரண்டு குறையையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று வருடமாகத் துப்பறிந்துகொண்டிருந்தார்கள்.

“ஆள் சுரங்கக் குழிக்குள்ளதான் கெடக்கான்,” என்றார் ஹாப்டே.

“பாத்தியா?”

“நூத்தி எழுவது அடி ஆழம். பாதிக்கு மேல உப்புத் தண்ணி. மெழுகுவத்திய இறக்குனா அணைஞ்சுபோகுது. யாரும் இறங்க முடியாது.”

“அப்ப பாக்கல.”

“பாக்க முடியாது, சார்ஜென்ட். அதான் ஆதாரமே.”

கோர்லி மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்கட்டில் இருந்த லாக்கப்புக்குப் போனார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கிளெம் யெல்லண்ட் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. காலிக் கெட்டில் என்ற பாழடைந்த தங்க வயலில் மிஞ்சிய ஒரே மனிதர். முப்பது வருடமாகத் தானாக விரும்பிக் கூரைக்குக் கீழே தூங்காதவர். மூன்று நாளாகக் கூரைக்குக் கீழே வைத்திருந்தார்கள், ஆள் பாதியாகியிருந்தார். இன்று நாலு மணி ரயிலில் பெர்த்துக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே கொலை வழக்கு, அதற்குப் பிறகு கயிறு. கயிற்றுக்கு முன்னாலேயே கூரை அவரைக் கொன்றுவிடும் என்று கோர்லிக்குத் தோன்றியது.

“அந்த ஃபென்னரக் குழிக்குள்ள தள்ளுனியா?”

“இல்ல.”

“தள்ளுவேன்னு பார்ல அம்பது பேர் முன்னாடி சொன்னியாமே?”

“சொன்னேன். இப்பவும் சொல்லுவேன்.”

“நீ பேசியே தூக்குல தொங்குவ போலிருக்கே, கிளெம்.”

கிளெம் சிரிக்கவில்லை. ஹாப்டே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரன் காதில் விழும்படி வார்த்தையைச் செலவழிக்கிற ஆள் கிளெம் இல்லை. கோர்லியும் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவரை ஒருமுறை தப்பாகப் பிடித்து உள்ளே வைத்தவர்தான். அதை இரண்டு பேரும் மறக்கவில்லை. கோர்லி இன்றைக்கு வந்ததே அதனால்தான்.

கடைசியில் கிளெம் கம்பியில் நெற்றியை வைத்துச் சொன்னார்: “புழுதி எந்தப் பக்கம் விழுந்திருக்குன்னு போய்ப் பாரு.”

அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரே வரி,” என்றாள் பிரைடி, லாரியைக் கிளப்பிக்கொண்டே. “என் புருசன் கல்யாணத்துக்குக் கேட்டப்பகூட ரெண்டு வரி பேசுனான்.”

*

ஊரிலிருந்து மேற்கே இருபத்திரண்டு மைல். சிவப்பு மண், முல்கா குட்டைமரம், மறுபடி சிவப்பு மண்.

கதை இதுதான். 1895-இல் டூலி என்று ஒருவன் இந்த வழியாகப் போனான். கெட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோன கோபத்தில் அதை வீசி எறிந்தான். கெட்டில் விழுந்து நசுங்கிய இடத்தில் வெள்ளைக் கல், கல்லில் மஞ்சள் பொட்டு. ஆறு மாதத்தில் ஆயிரத்து இருநூறு பேர், மூன்று சாராயக்கடை, ஒரு தேவாலயம். தேவாலயம் கடைசியாக வந்து முதலில் போனது.

தங்கம் ஓடிய வெள்ளைக்கல் நரம்பு அறுபதடி ஆழத்தில் கத்தி வைத்து அறுத்த மாதிரி நின்றுவிட்டது. என்றோ ஒரு காலத்தில் பூமி பிளந்து நழுவியிருக்கிறது, நரம்பின் மீதியும் அதோடு நழுவியிருக்கிறது. எந்தப் பக்கம்? மேற்கே என்றார் பட்டணத்திலிருந்து வந்த நிபுணர். நிபுணர் சொன்னதால் அத்தனை பேரும் வருடக்கணக்காக மேற்கே தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. 1903-இல் கடைசிச் சாராயக்கடையும் மூடியது. சாராயம் இல்லாத ஊரில் நம்பிக்கை எத்தனை நாள் தாங்கும்? எல்லோரும் போய்விட்டார்கள், கிளெமைத் தவிர.

இப்போது 1934. தங்கத்தின் விலை ஏறியதும் செத்த வயல்களுக்கெல்லாம் புது டாக்டர்கள் வந்தார்கள். இங்கே வந்தவர் லாஸ்கம், கம்பெனி துவக்குகிறவர். கூடவே ஃபென்னர் என்ற நிலவியல்காரன். வயலின் மேற்குக் கோடியில், பழங்காலத்து ஆட்கள் விட்டுப்போன குவியல்கள் மூன்றைக் கண்டுபிடித்ததாகவும், அள்ளிய மண்ணிலெல்லாம் தங்கம் இருப்பதாகவும் ஃபென்னர் கையெழுத்துப் போட்டான். நாளை சனிக்கிழமை ஆடிலெய்டிலிருந்து பணக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

“போன மாசம் அங்க குவியலே கெடயாது. எவனோ உப்புப் போட்டிருக்கான்,” என்று பாரில் கிளெம் கத்தினார். தங்கம் இல்லாத மண்ணில் தங்கத்தூளைத் தூவி ஏமாற்றுவதற்கு இந்தப் பக்கம் அப்படித்தான் பெயர். “அந்த ஃபென்னரு இன்னொரு தடவ என் பக்கம் வந்தான், குழிக்குள்ள தள்ளிருவேன்!” செவ்வாய் இரவு ஃபென்னர் காணாமல் போனான். புதன் காலை கிளெமின் குழியோரத்தில் தொப்பி. ஒரு மணி நேரத்தில் கிளெம் உள்ளே.

வயலில் குடியிருந்த ஒரே சாட்சி போய்விட்டது. கோர்லிக்கு இந்தச் சௌகரியம் பிடிக்கவில்லை. யாருக்கோ சௌகரியமாக நடக்கிற எதையுமே அவர் நம்புவதில்லை.

*

லாரியை நிறுத்தி இறங்கினார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் குழிகளும் குவியல்களும்.

“புழுதியப் பாரு,” என்று முணுமுணுத்தார் கோர்லி. “எந்தப் புழுதிய? இங்க வேற என்னதான் இருக்கு?”

பிரைடி ஒரு குவியலின்மேல் ஏறி நின்றாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கோர்லிக்குக் கவலையாகிவிட்டது.

“என்ன, உடம்பு சரியில்லையா?”

“சார்ஜென்ட்டு, இருபத்தாறு வருசம் தங்கத் திருடனப் பிடிச்சீரே, ஒருநாளாவது தங்கம் எடுக்கிறவனப் பாத்தீரா? குவியலுக்கு வால் இருக்கு, பாரும்.”

பார்த்தார். ஒவ்வொரு குவியலின் பக்கத்திலும் வெளிறிய மெல்லிய மண் ஒரு வால் மாதிரி நீண்டு கிடந்தது. நூற்றுக்கணக்கான குவியல். எல்லா வாலும் மேற்கே.

தண்ணீர் இருக்கிற ஊரில் தங்கத்தை அலசுவார்கள். இங்கே தண்ணீருக்குப் பீரைவிட விலை. அதனால் தூற்றுவார்கள். ஒரு தட்டைத் தலைக்கு மேலே தூக்கி மண்ணைச் சரித்தால், கனமானது கீழே இருக்கிற தட்டில் விழும். புழுதியைக் காற்று கொண்டுபோகும். களத்தில் பதரைத் தூற்றுகிற அதே வேலை.

“இங்க விடியக்காலத்துல கிழக்குக் காத்து,” என்றாள் பிரைடி. “என் புருசன் நாலு மணிக்கே எழுப்பிருவான், பாவி. பத்து மணிக்குக் காத்து செத்துரும், வெயில் மண்டையப் பொளக்கும். அப்புறம் எவன் தூத்துவான்? அதனாலதான் எல்லாப் புழுதியும் மேற்க போய் விழுந்திருக்கு.”

“மத்தியானத்துக்கு மேல?”

“மேற்குக் காத்து வரும். அந்நேரம் மனுசன் நெழல்ல படுத்திருப்பான்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் மேற்குக் கோடிக்கு நடந்தார்கள். கோர்லியின் வயதுக்கு அது ஓட்டம்.

லாஸ்கமின் மூன்று குவியல். மூன்றுக்கும் வால் கிழக்கே.

“அடடா,” என்றாள் பிரைடி. “பழங்காலத்து ஆளுக, ஆனா மத்தியானம் எந்திரிச்சு வேலைக்கு வந்திருக்காங்க.”

“உன் விடுதியிலதான ரெண்டு பேரும் தங்குனாங்க? எப்ப எந்திரிப்பாங்க?”

“லாஸ்கம் ஏழு மணிக்கு டான்னு முட்டை கேப்பாரு. ஃபென்னரு பதினோரு மணிக்கு வந்து, காலைச் சாப்பாடு ஏன் ஆறிப்போச்சுன்னு கேப்பாரு.”

கோர்லி மூன்றாவது குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலைப் போட்டுக் குனிந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏதோ வேண்டுதலுக்குப் பெய்த மாதிரி ஒரு மழை பெய்திருந்தது. வயல் முழுக்க மண் அப்பளம் மாதிரி பொருக்குத் தட்டிக் கிடந்தது. முதல் இரண்டு குவியலின் வாலிலும் அந்தப் பொருக்கு இருந்தது. மூன்றாவதில் விரலை வைத்தார். மாவு மாதிரிப் புழுதி. அதை ஊதித் தள்ளினார். அடியில் இருந்தது பொருக்கு.

“பிரைடி, பொருக்குக்கு மேல புழுதி.”

“அதனால?”

“மழைக்குப் பெறகு எவனோ தூத்தியிருக்கான். கிளெம் புதன் காலையிலேயே உள்ள போயாச்சு. லாஸ்கமுக்குத் தூத்தத் தெரியாது. பாக்கி யாரு?”

பிரைடி தலையில் கைவைத்தாள். “செத்தவன்! மூணு நாளா செத்துக்கெடந்துகிட்டே வேல பாத்திருக்கானா? உயிரோட இருக்கிற எவனும் இவ்வளவு பாடுபட்டு நான் பாத்ததில்ல.”

*

கார் சத்தம் கேட்டது. லாஸ்கம் இறங்கினார். வெள்ளைக் கோட்டு, பளபளக்கிற ஷூ, விரல் நகங்கள் டாக்டர் நகங்கள் மாதிரி.

“இது கம்பெனி இடம், சார்ஜென்ட். அனுமதி இல்லாம இங்க என்ன பண்றீங்க?”

“உங்க பழங்காலத்து ஆளுக ஏன் காத்துக்கு எதிர்ப்பக்கம் தூத்துனாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

லாஸ்கம் கண்ணை இமைத்தார். ஒரே ஒரு தடவைதான். “முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி காத்து எப்படி அடிச்சுதோ, யார் கண்டா?”

“காத்து என்ன கவர்மென்டா, ஆள் மாறினா திசை மாற?” என்றாள் பிரைடி.

“உங்க ரெண்டு பேர் மேலயும் இப்பவே ஹாப்டேகிட்ட புகார் குடுக்கிறேன்!”

கதவை அறைந்து சாத்திக்கொண்டு கார் கிழக்கே பறந்தது. கோர்லி அது போகிற வரை பார்த்தார். காரின் பின்பக்கம் இரண்டு கான்வாஸ் தண்ணீர்ப் பை ஆடிக்கொண்டு போனது. இரண்டும் காலி. மத்தியானத்துக்குள் ஒரு மனிதன் இரண்டு பைத் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பானா?

“குருவி எங்க இருக்குன்னு பாரு,” என்றார்.

“எந்தக் குருவி?”

“செவப்பு மூக்கு, சின்னக் குருவி. தண்ணி இருக்கிற எடத்தத் தவிர வேற எங்கயும் நிக்காது. இந்த நாட்டுல நான் நம்புற ஒரே ஜீவன் அது.”

வயலின் கிழக்கே கிளெமின் குழிப் பக்கம், அந்த மூன்று சாராயக்கடையில் ஒன்றான பழைய ஹோட்டல் இருந்த இடத்தில் குருவிகள் பறந்து பறந்து உட்கார்ந்தன. அந்த நிலமும் கிளெமின் எல்லைக் கம்பங்களுக்குள்தான் இருந்தது. ஹோட்டலில் புகைபோக்கி ஒன்றும், பீர்ப் பீப்பாய் வைக்கிற நிலவறையும்தான் மிச்சம். நிலவறைக்குக் காற்றுப் போகிற இரும்புக் கம்பியின்மேல் குருவிகள் வரிசையாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

கோர்லி உள்ளே இறங்கப் போனார். பிரைடி கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் உள்ளே போகிற ஆள்; அவள் உள்ளே இருப்பவனை வெளியே வரவழைக்கிற ஆள். கம்பிப் பக்கம் போய் நின்று, விடுதியில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினாள்:

“போயிட்டாரே சார்ஜென்ட்டு, லாஸ்கம் அய்யா! கார எடுத்துக்கிட்டு ஒரேயடியா கிழக்க போயிட்டாரே! பெட்டிய வேற பின்னாடி வச்சிருந்தாரு! இனி கப்பல்லதான் எறங்குவாரு போல!”

நிலவறைக் கதவு தூக்கியெறிந்த மாதிரி திறந்தது. தலையெல்லாம் சிவப்புப் புழுதியோடு ஃபென்னர் வெளியே வந்து விழுந்தான்.

“அந்தத் திருட்டுப் பய! எனக்கு ஒண்ணும் குடுக்காம—”

பேச்சு நின்றது. எதிரே கோர்லி.

“காலைச் சாப்பாடு ஆறிப்போச்சு, மிஸ்டர் ஃபென்னர்,” என்றாள் பிரைடி.

*

லாரியோடு சேர்த்துக் கோர்லி தன் பழைய விலங்கை மாட்டியதும் ஃபென்னர் எல்லாவற்றையும் கொட்டினான். பங்குகளை விற்று முடித்ததும் இரண்டு பேரும் கப்பல் ஏறுவதாகத் திட்டம். கிளெமை ஒழித்தால்தான் குவியலைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“சார்ஜென்ட், என்ன விட்டுருங்க. பதிலுக்கு ஒண்ணு சொல்றேன். உள்ள போய் வடக்குச் சுவரப் பாருங்க.”

கோர்லி நம்பவில்லை. ஆனால் போய்ப் பார்த்தார். நம்பாதவன்தான் போய்ப் பார்ப்பான்.

நிலவறையின் செங்கல் சுவரில் ஒரு கல்லை ஃபென்னர் உருவியிருந்தான், தலைக்கு வைத்துக்கொள்ளத்தான். அந்த ஓட்டையில் பிரைடி தீக்குச்சியைக் காட்டினாள். செங்கல்லுக்குப் பின்னால் பச்சைப் பாறை. பாறையில் மணிக்கட்டுக் கனத்துக்கு வெள்ளைக்கல் நரம்பு. தீக்குச்சி வெளிச்சத்தில் அது மஞ்சளாக, கெட்டியாக, ஒரு வெட்கமும் இல்லாமல் மின்னியது.

தீக்குச்சி விரலைச் சுட்டதும் பிரைடி அதைக் கீழே போட்டாள்.

“கிழக்கே நழுவியிருக்கு,” என்றாள். “நிபுணர் சொன்ன பக்கம் இல்ல. சார்ஜென்ட்டு, ஆயிரத்து எரநூறு பேரு இதுக்கு மேல ஒக்காந்து, தங்கம் இல்லையேன்னு அழுது குடிச்சிருக்காங்க.”

“இந்த அறையத் தோண்டுனது யாரு?”

புருசன் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. மெதுவாகச் சொன்னாள்: “தொண்ணூத்தேழுல. கூலிக்கு. கிளெம்.”

எல்லாம் புரிந்துவிட்டது. கிளெம் அன்றைக்கே பார்த்திருக்கிறார். பார்த்து, செங்கல் வைத்து மூடி, ஊர் காலியாகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். ஊர் காலியானபோது, ஊர் இல்லாதது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இது தெரிந்தால் மறுபடி ஆயிரத்து இருநூறு பேர். மறுபடி மூன்று சாராயக்கடை. கடைசியாகத் தேவாலயம். முப்பது வருடமாகப் பக்கத்துக் குழியில் ஒன்றும் கிடைக்காத மண்ணைத் தூற்றிக்கொண்டு, இதன்மேல் காவல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கோர்லி கீழே கிடந்த செங்கல்லை எடுத்து ஓட்டையில் வைத்தார். கைக்குட்டையால் புழுதியைத் துடைத்தார். அப்புறம் யோசித்து, புழுதியைத் திரும்பப் பூசினார்.

*

மூன்றரைக்கு ஸ்டேஷனில் லாஸ்கம் புகார் எழுதிக்கொண்டிருந்தார். உயிரோடு வந்து நின்ற ஃபென்னரைப் பார்த்ததும் பேனாவை மூடினார். ஹாப்டே மேசைமேல் இருந்த தொப்பியையும் ஃபென்னரின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

லாக்கப்பிலிருந்து கிளெம் வெளியே வந்தார், லாஸ்கமும் ஃபென்னரும் உள்ளே போனார்கள்.

“கேளுங்க!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான் ஃபென்னர். “தொலைஞ்சுபோன நரம்பு ஹோட்டலுக்கு அடியில இருக்கு! நான் கண்ணால பாத்தேன்! அள்ள அள்ளத் தங்கம்!”

வெளியே வந்துகொண்டிருந்த கிளெமின் கால் அப்படியே நின்றது. கயிற்றைச் சொன்னபோதுகூட அந்த முகம் இப்படி வெளுக்கவில்லை.

ஹாப்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பீப்பாய் வைக்கிற அறையில தங்கமாம்! உப்புப் போட்டவன் வாயில இதவிட என்ன வரும்?”

“இவனோட நாலு வருசம் தொழில் பண்ணவன் சொல்றேன்,” என்றார் உள்ளேயிருந்து லாஸ்கம், வெறுப்போடு. “இவன் வாயத் தொறந்தா ஒரு வார்த்த நெசம் வராது.”

“நெசமா! சத்தியமா! சார்ஜென்ட்டக் கேளுங்க, அவரும் பாத்தாரு!”

எல்லோரும் கோர்லியைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அறிக்கையில் ஒரு பொய் எழுதாதவர். தொண்டையைச் செருமினார்.

“செங்கச் சுவரு பாத்தேன். நல்ல சுவரு.”

அது உண்மைதான்.

வாசலுக்கு வந்ததும் கிளெம் வானத்தைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். நன்றி என்ற மாதிரி ஏதாவது வரும் என்று பிரைடி காத்திருந்தாள்.

“புழுதியப் பாருன்னுதான சொன்னேன்?” என்றார் கிளெம். “சுவரப் பாக்கச் சொன்னேனா?”

“திரும்ப வச்சாச்சு,” என்றார் கோர்லி.

“தலைகீழா வச்சிருப்ப. போலீஸ்காரன் வச்ச செங்கல் எப்ப நேரா நின்னுச்சு?”

“அப்ப வந்து நீயே சரி பண்ணிக்க.”

பிரைடி முன்சீட்டுக் கதவைத் திறந்தாள். கிளெம் அதன் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னால் ஏறித் திறந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் நாலு மணி ரயில், கூட்டிப்போக ஆள் இல்லாமல் வீணாகக் கூவியது.

லாரி மேற்கே திரும்பியது. சாயங்கால மேற்குக் காற்று கிளம்பியிருந்தது. சக்கரம் கிளப்பிய புழுதி முழுவதும் கிழக்கே போய், வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த ஹாப்டேயின் வாயில் விழுந்தது.